புரோபேட்டைத் தவிர்க்கச் சொன்ன புத்தகமும் அதில் இல்லாத ஆளும்

நார்மன் டேசியின் ‘ஹவ் டு அவாய்ட் புரோபேட்!’ 1965ல் வந்த புத்தகம். தலைப்பிலேயே ஆச்சரியக்குறி உண்டு, உள்ளே எழுத்தும் அதே சத்தத்தில்தான் இருக்கும். அமெரிக்காவில் சட்டத்தைப் பற்றி ஒரு வக்கீல் அல்லாதவர் எழுதி, லட்சக்கணக்கில் விற்று, அதற்காகவே நீதிமன்றக் கூண்டில் ஏறிய புத்தகங்கள் அதிகம் கிடையாது. அந்த வரலாறே தனிக் கதை. ஆனால் இந்தப் பதிவு அதற்காக இல்லை. அந்தப் புத்தகம் யாரைத் திட்டுகிறதோ, அந்த ஆளைப் பற்றி. கவுன்டி புரோபேட் நீதிமன்றம் நியமிக்கிற வக்கீல் நிர்வாகி, அதாவது அட்டர்னி அட்மினிஸ்ட்ரேட்டர். டேசி அவரைப் பற்றிச் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியில் அவருக்கு அந்த ஆள் கண்ணிலேயே படவில்லை என்பது என் வாதம்.

முதலில் சொற்களைக் கொஞ்சம் சரிசெய்துகொள்வோம். இங்கே எஸ்டேட் என்றால் வால்பாறையோ கூடலூரோ ஞாபகம் வர வேண்டாம். ஒருவர் செத்த நிமிஷத்தில் அவர் பேரில் இருந்த வீடு, வங்கிக் கணக்கு, கார், கடன், வரி பாக்கி எல்லாம் சேர்ந்த மூட்டைக்குத்தான் எஸ்டேட் என்று பெயர். உயில் இருந்தால் அது செல்லுமா என்று பார்த்து, கடனை அடைத்து, மிச்சத்தை உரியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலையை நீதிமன்றம் மேற்பார்வை பார்ப்பது புரோபேட். உயிலில் பெயர் சொல்லப்பட்டு அந்த வேலையைச் செய்பவர் எக்ஸிக்யூட்டர். உயில் இல்லாதபோதோ, உயிலில் சொன்ன ஆள் செத்துப்போயிருந்தாலோ, மாட்டேன் என்றாலோ, நீதிமன்றம் நியமிப்பவர் அட்மினிஸ்ட்ரேட்டர். வழக்கமாக மனைவி, மகன், மகள் என்று வரிசை. அந்த வரிசையில் யாரும் வராதபோது அல்லது வந்தவர்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறும்போது, நீதிபதி ஒரு வக்கீலைக் கூப்பிட்டு ‘நீங்க பாருங்க’ என்கிறார். சில மாநிலங்களில் இதற்கென்றே பப்ளிக் அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பதவி உண்டு. நம் ஊர் ஆட்களுக்கு இது முற்றிலும் அந்நியமில்லை. இந்தியாவில் 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரல் உண்டு. சென்னையிலும் அந்த அலுவலகம் இருக்கிறது, நம்மில் பலருக்கு அது தெரியாது என்பது வேறு விஷயம்.

டேசி கனெக்டிகட் மாநிலத்தில் நிதித் திட்டமிடல் ஆலோசகராக இருந்தவர். வக்கீல் இல்லை. அந்தக் காலத்து கனெக்டிகட்டில் புரோபேட் நீதிபதியின் வருமானமே நீதிமன்றத்துக்கு வருகிற கட்டணத்தைச் சார்ந்திருந்தது. சாவு எவ்வளவு பெரியதோ வருமானம் அவ்வளவு பெரியது. இதைப் பக்கத்திலிருந்து பார்த்த மனிதர் கோபப்பட்டதில் ஆச்சரியமில்லை. புத்தகத்தின் ஆரம்பப் பகுதி முழுக்க அந்தக் கோபம்தான்: யார் யாரை நியமிக்கிறார்கள், எவ்வளவு ஃபீஸ், விதவைக்கு மிஞ்சியது எவ்வளவு. மீதிப் புத்தகம் படிவங்கள். உயிருடன் இருக்கும்போதே சொத்தை ஒரு டிரஸ்ட்டுக்குள் போட்டுவிட்டால் செத்தபின் நீதிமன்றத்துக்குப் போக வேண்டாம் என்பதுதான் தீர்வு. அதற்கான பத்திரங்களை அச்சடித்தே கொடுத்துவிட்டார். கிழி, பூர்த்தி செய், கையெழுத்துப் போடு. எனக்குக் கிடைத்த பழைய பிரதியில் இரண்டு படிவங்கள் இல்லை. யாரோ ஒழுங்காகக் கத்தரித்து எடுத்திருக்கிறார்கள். ஒரு புத்தகத்துக்கு இதைவிட நல்ல விமர்சனம் கிடைக்காது என்றுதான் தோன்றியது.

வக்கீல்கள் சும்மா விடவில்லை. 1966ல் கனெக்டிகட் உச்ச நீதிமன்றம், அவர் தனிநபர்களுக்கு டிரஸ்ட், உயில் தயாரித்துக் கொடுத்தது உரிமம் இல்லாத வக்கீல் தொழில் என்று தடுத்தது. நியூயார்க்கில் கவுன்டி வக்கீல் சங்கம் புத்தகத்தின் மேலேயே வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றமும் இடை மேல்முறையீட்டு நீதிமன்றமும் சங்கத்தின் பக்கம். 1967 கடைசியில் மாநிலத்தின் உயர்ந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. ஒரு புத்தகத்தைப் பொதுவாக எல்லோருக்கும் விற்பது ஒரு குறிப்பிட்ட கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்வது ஆகாது என்ற மாற்றுத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டது. இன்றைக்குக் கடையிலும் இணையத்திலும் கிடைக்கிற சட்டப் படிவங்கள் எல்லாம் ஒருவகையில் அந்தத் தீர்ப்பின் நிழலில் நிற்கின்றன. 1969ல் வந்த யூனிஃபார்ம் புரோபேட் கோடு என்ற மாதிரிச் சட்டம், நீதிபதி முன்னால் நிற்காமலே எளிய எஸ்டேட்டுகளை முடிக்க வழி செய்தது. டேசி கிளப்பிய சத்தத்துக்கும் அதில் பங்கு உண்டு என்றே படுகிறது.

அவர் எங்கே சரி என்பதை முதலில் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் வக்கீல் பக்கம் பேசுவது போலாகிவிடும்.

கலிபோர்னியாவில் இன்றும் சட்டத்திலேயே ஃபீஸ் விகிதம் எழுதியிருக்கிறது. எஸ்டேட் மதிப்பில் முதல் 1 லட்சம் டாலருக்கு 4 சதவீதம், அடுத்த 1 லட்சத்துக்கு 3, அதற்கு மேல் 8 லட்சத்துக்கு 2, பிறகு இன்னும் குறைந்துகொண்டே போகும். இதில் ஒரு சூட்சுமம். மதிப்பு என்றால் கடனைக் கழிக்காத மதிப்பு. 5 லட்சம் டாலர் வீடு, அதன் மேல் 4 லட்சம் அடமானக் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு உண்மையில் சேர வேண்டியது 1 லட்சம். ஃபீஸ் கணக்கிடுவது 5 லட்சத்துக்கு: 4,000, 3,000, 6,000, ஆக 13,000. இது நிர்வாகிக்கு. நிர்வாகியின் வக்கீலுக்கு அதே அளவு இன்னொரு 13,000. மொத்தம் 26,000. கையில் மிஞ்சும் தொகையில் கால்வாசிக்கு மேல் போயிற்று, வீட்டுத் தரகர் கமிஷன் இன்னும் வரவில்லை. வக்கீலே நிர்வாகியாக இருந்தால் இரண்டு தொப்பியையும் போட்டுக்கொண்டு இரண்டு ஃபீஸ் வாங்க முடியாது, அதனால் எஸ்டேட்டுக்கு லாபம் என்று நீதிமன்றம் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் தவிர. அந்தத் தடையைச் சட்டத்தில் எழுத வேண்டி வந்தது என்பதே, எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறது.

நியமனத்தில் நடக்கும் கூத்து இன்னும் மோசம். நியூயார்க் மாநிலத்தில் இந்த நீதிமன்றத்துக்கு சரோகேட் கோர்ட் என்று பெயர். அங்கே யாருக்கு எந்த எஸ்டேட் வேலை என்பது அரசியல் கட்சிக்காரர்களின் பிரசாதத் தட்டு என்று பல தலைமுறையாகப் புகார். 1966ல் ராபர்ட் கென்னடி, மன்ஹாட்டன் சரோகேட் பதவிக்குத் தன் ஆளான சாமுவேல் சில்வர்மேனை நிறுத்தி ஜெயிக்க வைத்ததே இந்த ஏற்பாட்டை உடைக்கிறேன் என்று சொல்லித்தான். உடைந்ததா? புரூக்ளினில் மைக்கேல் ஃபைன்பெர்க் என்ற சரோகேட் நீதிபதி, பப்ளிக் அட்மினிஸ்ட்ரேட்டருக்கு வக்கீலாகத் தன் பழைய நண்பரை நியமித்து, அவர் என்ன வேலை செய்தார் என்று சட்டப்படி வாங்க வேண்டிய பிரமாணப் பத்திரம்கூட வாங்காமல், நூற்றுக்கணக்கான எஸ்டேட்டுகளில் 8 சதவீதம் என்று அள்ளிக் கொடுத்திருந்தார். 2005ல் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்தே நீக்கியது. அதாவது டேசியின் புத்தகம் வந்து 40 வருஷம் கழித்து. அந்த எஸ்டேட்டுகளில் பெரும்பாலானவை உயில் எழுதாமல், பக்கத்தில் சொந்தம் இல்லாமல் செத்தவர்களுடையவை. தட்டிக் கேட்க ஆள் இல்லாத பணம்.

இதுவரை டேசி ஜெயிக்கிறார். ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்திலேயே என் சண்டையும் ஆரம்பிக்கிறது.

டேசியின் புத்தகத்தைப் படிக்கப் படிக்க ஒரு மனிதரின் முகம் மனதில் வருகிறது. ஐம்பது வயது, வேலை இருக்கிறது, வீடு, கொஞ்சம் பங்குகள், மியூச்சுவல் ஃபண்ட், மனைவி, இரண்டு பிள்ளைகள். அவர் கடையில் புத்தகத்தை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மேசையில் உட்கார்ந்து படிவத்தைப் பூர்த்தி செய்கிறார். புத்தகத்தில் உள்ள எல்லா அறிவுரையும் அவருக்குத்தான். வக்கீல் நிர்வாகியின் மேசைக்கு வருகிற கோப்புகளில் அந்த மனிதர் அநேகமாக இருக்கவே மாட்டார். அங்கே வருவது வேறு ஜாதிக் கோப்பு.

ஒரு சாதாரணக் கோப்பு எப்படி ஓடும் என்று பார்ப்போம். வாடகைக் குடியிருப்பிலோ தனி வீட்டிலோ ஒருவர் இறந்து கிடக்கிறார். அண்டை வீட்டார் போலீஸைக் கூப்பிடுகிறார்கள். சொந்தம் யார் என்று தெரியவில்லை. அல்லது தெரிகிறது, வேறு மாநிலத்தில் இருக்கும் தம்பி, பேசிப் பல வருஷம் ஆயிற்று, எனக்கு இதில் சம்பந்தம் வேண்டாம் என்கிறார். நீதிமன்றம் வக்கீலை நியமித்து அதிகாரப் பத்திரம் கொடுக்கிறது. அவர் ஜாமீன் பத்திரம் கட்ட வேண்டும். பிறகு முதல் வாரம்: பூட்டை மாற்றுவது. தனியாக உள்ளே போகாமல் இன்னொருவரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போய், அறை அறையாகப் படம் எடுப்பது, ஏனென்றால் ஆறு மாதம் கழித்து ‘அம்மாவோட வைர மோதிரம் எங்கே’ என்று யாராவது கேட்பார்கள். ஃபிரிட்ஜில் இருப்பதை எறிவது. பூனையோ நாயோ இருந்தால் அதற்கு ஒரு வழி. குளிர்காலம் என்றால் குழாயில் தண்ணீர் உறைந்து வெடிக்காமல் பார்ப்பது. வீட்டுக் காப்பீடு இருக்கிறதா, காலி வீட்டுக்கு அது செல்லுமா என்று கேட்பது. பல பாலிசிகள் வீடு 30 அல்லது 60 நாள் காலியாகக் கிடந்தால் சில இழப்புகளுக்குப் பொறுப்பேற்காது.

பிறகு காகிதம். தபால் அலுவலகத்தில் நியமனப் பத்திரத்தைக் காட்டி இறந்தவரின் கடிதங்களைத் தன் முகவரிக்குத் திருப்புவது. இதுதான் உண்மையான துப்பறியும் வேலை: எந்த வங்கி, எந்த ஓய்வூதியம், எந்த கிரெடிட் கார்டு, யார் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் வருகிற தபாலில்தான் தெரியும். எஸ்டேட்டுக்கென்று தனி வரி எண் வாங்கி, தனி வங்கிக் கணக்கு திறப்பது. இறந்த மாதத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி பணம் கணக்கில் விழுந்திருந்தால் அது திரும்பப் போக வேண்டியது, செலவழித்துவிடக் கூடாது. கடன்காரர்களுக்குப் பத்திரிகையில் அறிவிப்பு. பல மாநிலங்களில் அவர்களுக்கு நாலு மாதம் அவகாசம், ஓஹையோவில் இறந்த நாளிலிருந்து ஆறு மாதம். சொத்துப் பட்டியல் நீதிமன்றத்தில் தாக்கல். இறந்தவரின் கடைசி வருமான வரி, அது இல்லாமல் எஸ்டேட்டின் வருமானத்துக்குத் தனி வரி. இதற்கு நடுவில் வாரிசுகளைத் தேடுவது. முதல் திருமணத்துப் பிள்ளை இருக்கிறாரா, சித்தப்பா மகன்கள் எத்தனை பேர், அதில் யார் உயிருடன். இதற்கென்றே வம்சாவளி தேடித் தரும் தொழில்காரர்கள் இருக்கிறார்கள். யாருமே கிடைக்காவிட்டால் பணம் அரசாங்கத்துக்கு.

கோபத்தில் எழுதப்பட்ட புத்தகத்தில் இந்த வேலைக்கெல்லாம் இடம் கிடையாது. டேசிக்கு நிர்வாகி என்றால் கையெழுத்துப் போட்டு சதவீதம் வாங்குகிறவர். கையெழுத்துப் போடுகிறவர்தான், ஆனால் அந்தக் கையெழுத்துக்கு ஒரு விலை இருக்கிறது. கடன்களை அடைப்பதில் சட்டம் வரிசை வைத்திருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும், ஆனால் பொதுவாக நிர்வாகச் செலவும் இறுதிச் சடங்குச் செலவும் முன்னால், பிறகு வரி, கடைசி நோயின் மருத்துவச் செலவு போன்றவை, கிரெடிட் கார்டு எல்லாம் கடைசியில். எஸ்டேட்டில் எல்லோருக்கும் போதுமான பணம் இல்லாதபோது, மத்திய அரசுக்குச் சேர வேண்டியதைக் கொடுக்காமல் வேறு கடனை முதலில் அடைத்துவிட்டால், அந்தத் தொகைக்கு நிர்வாகி தன் சொந்தப் பையிலிருந்து பொறுப்பு. மத்தியச் சட்டத்திலேயே இது எழுதியிருக்கிறது. பாவம் அண்டை வீட்டுக்காரர் கைமாத்தாகக் கொடுத்த 2,000 டாலரை முதலில் கொடுத்துவிடலாம் என்று இரக்கப்பட்ட மகன் இதில் மாட்டிக்கொள்ளலாம். வக்கீலுக்கு வரிசை தெரியும் என்பதால்தான், சொத்தைவிடக் கடன் அதிகமான எஸ்டேட்டுகளில் நீதிபதிகள் வக்கீலைத் தேடுகிறார்கள்.

இன்னொரு வகை, டேசி நினைத்தே பார்க்காதது. விபத்திலோ தவறான சிகிச்சையிலோ ஒருவர் இறந்தால், நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடும் உரிமை பல மாநிலங்களில் எஸ்டேட்டின் பிரதிநிதிக்குத்தான். சொத்தே இல்லாத இருபது வயதுப் பையன் செத்தாலும் அவனுக்கு ஒரு எஸ்டேட் திறந்தாக வேண்டும். பிரிந்து வாழும் அப்பாவும் அம்மாவும் யார் பிரதிநிதி என்று சண்டை போட்டால் நடுவில் ஒரு வக்கீல். அந்தப் பையனிடம் போய் ‘டிரஸ்ட் போட்டு புரோபேட்டைத் தவிர்த்திருக்கலாமே’ என்று எந்தப் புத்தகம் சொல்லும்?

சரி, டிரஸ்ட் போட்டவர்களாவது தப்பித்தார்களா? டிரஸ்ட் என்பது ஒரு டப்பா. டப்பாவுக்குள் போட்ட சொத்துக்குத்தான் அது வேலை செய்யும். படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுப் பத்திரத்தை டிரஸ்ட்டியின் பேருக்கு மாற்றி எழுதாமல் விட்டால் வீடு வெளியேதான் இருக்கிறது. புத்தகம் இதைச் சொல்லாமல் இல்லை, ஆனால் படிவத்தைக் கிழிப்பது சுலபம், ஒவ்வொரு வங்கிக்கும் பதிவு அலுவலகத்துக்கும் நடப்பது கஷ்டம். இந்த மறதி எவ்வளவு சகஜம் என்றால் கலிபோர்னியாவில் அதற்கென்று ஒரு மனுவே உண்டு. 1993ல் வந்த ஒரு தீர்ப்பின் பேரால் ஹெக்ஸ்டாட் மனு என்கிறார்கள். சொத்துக்காரரே டிரஸ்ட்டியாகவும் இருந்து, இந்தச் சொத்து டிரஸ்ட்டைச் சேர்ந்தது என்று எழுதி வைத்திருந்தால், பத்திரம் மாற்றாவிட்டாலும் அதை டிரஸ்ட் சொத்தாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்பது. எங்கே கேட்பது? புரோபேட் நீதிமன்றத்தில்!

இனி எனக்கு இந்தப் புத்தகத்தோடு இருக்கும் முக்கியமான பிணக்கு. டேசி கேட்ட கேள்வி: பணம் இருக்கிறவன் ஏன் இவ்வளவு கொடுக்க வேண்டும்? நியாயமான கேள்வி. ஆனால் சதவீத ஃபீஸுக்கு இன்னொரு முனை இருக்கிறது. பணம் இல்லாதவன் எஸ்டேட்டை யார் தொடுவார்கள்?

ஓஹையோவில் நிர்வாகிக்கு முதல் 1 லட்சத்துக்கு 4 சதவீதம். 40,000 டாலர் எஸ்டேட் என்றால் 1,600 டாலர். பூட்டு, பூனை, தபால், வரி, வாரிசுத் தேடல் எல்லாம் சேர்த்துப் பல மாத வேலைக்கு. 20 லட்சம் டாலர் எஸ்டேட், ஒரே மகள், ஒரே வங்கி, எல்லாக் காகிதமும் ஒரு கோப்பில் என்றால் அதற்கு வேலை சில வாரம், ஃபீஸ் பல மடங்கு. சாவு சிக்கலாக இருப்பதற்கும் பணம் இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை. பெரும்பாலும் தலைகீழ். ஆக, பெரிய எஸ்டேட்டைப் பிடிக்கப் போட்டி, சின்ன எஸ்டேட்டைத் தட்டிக்கழிக்கப் போட்டி. பெரியதில் கிடைப்பதை வைத்துச் சின்னதைச் சமாளிக்கிறோம் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வதுண்டு. இருக்கலாம். ஆனால் அப்படியென்றால், ஏழையின் கணக்கை முடித்து வைக்கும் செலவை இன்னொரு செத்தவரின் பிள்ளைகள் கொடுக்கிறார்கள், யாரையும் கேட்காமலே. இதற்கு வரி என்று பெயர் வைத்துவிட்டு வெளிப்படையாகவே வாங்கலாம்.

இந்த ஏற்பாடு கெட்டுப்போகும்போது எப்படிக் கெடும் என்பதை மிச்சிகனின் ஓக்லாண்ட் கவுன்டி காட்டியது. அங்கே கவுன்டி பப்ளிக் அட்மினிஸ்ட்ரேட்டர்களாக வக்கீல்களை மாநில அட்டர்னி ஜெனரல் நியமிப்பார். உரிமையாளர் இறந்து, குடும்பம் எஸ்டேட் திறக்காமல் விட்டு, ஏலத்துக்குப் போகும் நிலையில் இருந்த வீடுகளை அவர்களில் சிலர் தேடிப் பிடித்து, தாங்களே நீதிமன்றத்தில் மனுப் போட்டு, விற்று, வந்த பணத்தில் பெரும்பகுதி செலவுக்கும் ஃபீஸுக்கும் போனது என்று 2017 வாக்கில் செய்திகள் வந்தன. குடும்பத்தார் பலருக்கு விஷயமே பிறகுதான் தெரிந்தது. பிறகு சட்டத்தை இறுக்கினார்கள். டேசி இருந்திருந்தால் இன்னொரு அத்தியாயம் எழுதியிருப்பார், ஆச்சரியக்குறிகளோடு. எனக்கு அந்தச் செய்தியில் உறுத்தியது வேறு. அந்த வீடுகள் ஏன் அப்படிக் கிடந்தன? குடும்பத்தார் புரோபேட்டுக்குப் போகவே இல்லை. அவர்கள் டேசி சொன்னதை அவரைப் படிக்காமலே செய்தவர்கள்.

இப்படிக் கிடக்கும் வீடுகள் எவ்வளவு என்பதற்கு பிலடெல்பியாவில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்த நகரமே ஒரு கவுன்டியும்கூட. பியூ சாரிட்டபிள் டிரஸ்ட்ஸ் 2021ல் வெளியிட்ட அறிக்கை, நகரத்தில் 10,000க்கும் மேற்பட்ட வீடுகள் ‘சிக்கல் பத்திரம்’ நிலையில் இருப்பதாகச் சொன்னது. அவற்றின் மொத்த மதிப்பு 110 கோடி டாலருக்கும் மேல். சிக்கல் பத்திரம் என்றால், வீட்டில் குடியிருப்பவர் பேரில் பத்திரம் இல்லை, பெரும்பாலும் செத்துப்போன அம்மாவோ தாத்தாவோ பேரிலேயே இருக்கிறது. நமக்கு இதை விளக்கவே வேண்டாம். தாத்தா பேரில் பட்டா, அப்பா காலத்தில் மாற்றவில்லை, பெரியப்பா பிள்ளைகள் எட்டுப் பேர் எட்டு ஊரில் என்கிற கதை எந்தத் தமிழ்க் குடும்பத்தில் இல்லை? அங்கே அதன் விளைவு இப்படி: கூரை ஒழுகினால் பழுதுபார்க்க நகராட்சி உதவி கேட்க முடியாது, வீட்டை வைத்துக் கடன் வாங்க முடியாது, வரிச்சலுகை கிடைப்பது கஷ்டம், விற்கவும் முடியாது. வீடு இருந்தும் இல்லாத மாதிரி. அறிக்கை காட்டிய இன்னொன்று, இந்த வீடுகள் அதிகம் இருப்பது வருமானம் குறைந்த, கறுப்பின மக்கள் அதிகம் வாழும் பகுதிகளில்.

இவர்களில் யாருக்கும் வக்கீல் நிர்வாகி தேடி வரமாட்டார். வந்தால் செலவு. பத்திரச் சிக்கலை அவிழ்க்க, செத்த ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு எஸ்டேட் திறக்க வேண்டியிருக்கலாம், தாத்தாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. இலவசச் சட்ட உதவி அமைப்புகள்தான் இதில் கொஞ்சம் கை கொடுக்கின்றன. இந்த மக்களுக்கு அத்தனை பேர் திட்டித் தீர்த்த அந்த வேலைதான் தேவைப்பட்டது. டேசியின் ஐம்பது வயது மனிதருக்கு அது தொல்லை, இவர்களுக்கு அது எட்டாத வசதி.

டேசி தன் கட்சியைக் கொஞ்சம் மறைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் வெறும் பொதுநலப் போராளி இல்லை. மியூச்சுவல் ஃபண்ட் விற்றவர், டிரஸ்ட்டுக்குள் எதைப் போடுவது என்பதில் அவருக்கும் பிழைப்பு இருந்தது. வக்கீலின் சுயநலத்தைத் தோலுரித்த அதே கண், நிதி ஆலோசகரின் சுயநலத்தின் மேல் படவேயில்லை. இது குற்றச்சாட்டு என்பதைவிட வாசிக்கும்போது வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு தராசுக்கல். இன்று ‘லிவிங் டிரஸ்ட்’ கருத்தரங்குக்கு இலவசச் சாப்பாட்டோடு கூப்பிடுகிறவர்கள் பேசுவதைக் கேட்டால் டேசியின் குரல் அப்படியே கேட்கும். கோபம் மட்டும் போய்விட்டது, விற்பனை மிஞ்சியிருக்கிறது.

பிறகு என்னதான் செய்யலாம்? சதவீதத்தை எடுத்துவிட்டு, செய்த வேலைக்கு நியாயமான கூலி என்று பல மாநிலங்கள் ஏற்கனவே மாறிவிட்டன. மணிக்கணக்கு வைத்தால் மணியை இழுப்பார்கள் என்ற பயம் உண்டு, ஆனால் கணக்கையாவது நீதிபதி கேட்கலாம். புரூக்ளினில் அந்தக் கேள்விதான் கேட்கப்படவில்லை. சின்ன எஸ்டேட்டுகளுக்குப் பிரமாணப் பத்திரம் மட்டும் போதும் என்ற வழி பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது. கலிபோர்னியாவில் 2025 ஏப்ரலிலிருந்து அதன் வரம்பு 2,08,850 டாலர். ஆனால் அந்தப் பணத்தில் வாங்கக்கூடிய வீடு அங்கே அபூர்வம். ஆளில்லாத எஸ்டேட்டுகளுக்கு, கமிஷனில் பிழைக்காத, சம்பளம் வாங்குகிற கவுன்டி ஊழியரை வைப்பது இன்னொன்று. கலிபோர்னியாவின் கவுன்டிகளில் அப்படி அலுவலகங்கள் உண்டு. அங்கேயும் எஸ்டேட்டிலிருந்து ஃபீஸ் எடுக்கிறார்கள்தான், ஆனால் அது கவுன்டி கஜானாவுக்குப் போகிறது. வீட்டுக்குள் நுழைகிற ஆளின் வருமானம் அந்த வீட்டின் விலையைச் சார்ந்திருக்கவில்லை. எனக்கு இதுதான் சரியென்று படுகிறது. வக்கீல்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், டேசியும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார், அவருக்கு அரசு அலுவலகம் என்றாலே ஆகாது.

புத்தகம் இப்போதும் பழைய புத்தகக் கடைகளில் சல்லிசாகக் கிடைக்கிறது. பல பதிப்பு வந்திருக்கிறது. வாசிப்பதென்றால் முதல் பகுதியை வாசியுங்கள். படிவங்களை விட்டுவிடுங்கள், சட்டம் எவ்வளவோ மாறிவிட்டது. என்னைக் கேட்டால் அதில் சேர்க்க வேண்டிய படிவம் ஒன்றே ஒன்று, அதற்குச் சாட்சிக் கையெழுத்துகூட வேண்டாம்: எந்த வங்கி, எந்தக் காப்பீடு, சாவி யாரிடம், யாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று ஒரு பக்கம். முன்பின் தெரியாத அந்த வக்கீல் முதல் வாரம் முழுக்க அலமாரியிலும் தபால் பெட்டியிலும் தேடுவது அந்த ஒரு பக்கத்தைத்தான்.